எருமைக்கு மூன்றாவது மணி

படகுக் கூடத்துக்கு உயிர் கொடுக்கப் போகிறோம் என்று ஆணையம் அறிவித்த அன்று, கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. காலைக் கூட்டம். அக்கரை ஆலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு ஓடிவருகிறவர்கள், கூடை வைத்திருப்பவர்கள், அந்தக் கூடை தங்கள் முழங்காலில் இடிக்கிறது என்று சண்டை பிடிப்பவர்கள். அறிவிப்பை ஒட்ட வந்த ஆள், சுவர் கிடைப்பதற்காக இரண்டு பேரை நகரச் சொல்ல வேண்டியிருந்தது. நகர்ந்தவர்களில் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஏன், இது எப்ப செத்துச்சு?" என்று கேட்டார். வந்தவருக்கு அது தெரியாது. ஒட்டுவது மட்டும்தான் அவர் வேலை.

டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த சில்லறைக்கும் புரியவில்லை. சில்லறை என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. ஜன்னலில் கை நீட்டுகிற எவரிடமும் "சில்லறையா குடுங்க" என்றுதான் வாயைத் திறப்பார் என்பதால் ஊர் கூடி வைத்தது. அவர் மனைவிக்குக் கேப்டன் என்று பெயர். அதுவும் பட்டப்பெயர்தான் என்றாலும் பொய்யில்லை, கழிமுகத்தைக் கடக்கும் படகை ஓட்டுவது அந்த அம்மாள்தான். படகுக்கு எருமை என்று பெயர். கறுப்பு, அகலம், அவசரம் என்பதே கிடையாது, யார் என்ன திட்டினாலும் தன் போக்கில் போய்ச் சேரும்.

படகுத்துறையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தண்ணீர்ப் பக்க வாசலில் ஒரு பெரிய மணி. முதல் மணிக்கு டிக்கெட் நிற்கும். இரண்டாவது மணிக்குப் படகுக்குப் போட்ட பலகையை இழுப்பார்கள். மூன்றாவது மணிக்கு எருமை புறப்பட்டுவிடும், அதற்குப் பிறகு யாருக்காகவும் நிற்காது. ஒரு தடவை கேப்டனின் மாமியாரே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மூன்றாவது மணி அடித்தாகிவிட்டது, படகு நிற்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது, ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஆணையத்தின் முழுப்பெயர் நகரப் புத்துயிர்ப்பு மற்றும் நீர்முனை நினைவுப் பாதுகாப்பு ஆணையம். சொல்லி முடிப்பதற்குள் எருமை பாதித் தூரம் போய்விடும். அங்கிருந்து முதலில் வந்தவர் நினைவு அதிகாரி. சின்ன வயதுப் பெண். கையில் ஒலிப்பதிவுக் கருவி, முகத்தில் பத்து நாள் தூக்கக் கடன். கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, இந்தக் கட்டடத்தைப் பத்தி உங்க நினைவுகளைச் சொல்லுங்க."

"எதைம்மா சொல்றது?"

"மறக்க முடியாதது ஏதாவது."

சில்லறை யோசித்தார். "மழை பேஞ்சா என் தலைக்கு நேர் மேல ஒழுகும். அதை மறக்கவே முடியாது. மறந்து உட்கார்ந்தா நனைஞ்சிடுவேன்."

"அது இல்லண்ணே. கொஞ்சம் ஏக்கமா. போனது, இழந்தது, இனிமே வராதது."

"ஒரு குடை போச்சு. இந்தக் கம்பியிலதான் மாட்டியிருந்தேன். நல்ல குடை."

அந்தப் பெண் குடையைப் பதிவு செய்துகொண்டு போனார். மறுநாள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். பதிவை ஆணையம் ஏற்கவில்லை.

"படகு இன்னும் ஓடிக்கிட்டு இருக்காம்ண்ணே. நடந்துக்கிட்டு இருக்கறது எல்லாம் நினைவுல சேராதாம். படகு நின்னுட்டா நீங்க சொல்றது நினைவு. அதுவரைக்கும் அது வெறும் புகார்தான்னு மேல சொல்லிட்டாங்க."

"அப்ப என்ன பண்ணப் போறாங்க?"

"நிறுத்தப் போறாங்க" என்று அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தற்காலிகமாத்தான்."

தற்காலிகமாக நிறுத்தினார்கள். அக்கரைக்குப் போகிறவர்கள் மேலே எங்கோ இருக்கும் பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். எருமையில் ஒரு தூக்கம் போடுவதற்குள் கடந்த தண்ணீரை, பஸ்ஸில் அடுத்தவர் அக்குளுக்குக் கீழே நின்றபடி, காலை நேரத்தில் பாதியைச் செலவழித்துக் கடந்தார்கள். ஆணையம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. படகு நின்ற ஒரே வாரத்தில் நினைவுகள் வந்து குவிந்தன. எருமையை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் எல்லாம் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஆணையத் தலைவர் அந்த அழுகைகளைத் தன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திட்டத்தின் முதல் வெற்றி இது என்று பத்திரிகைகளுக்கு அறிக்கையும் கொடுத்தார்.

பிறகு கட்டட வேலை தொடங்கியது. உத்தரத்தில் இருந்த புறாக்களை விரட்டினார்கள். கூரை வெறிச்சென்று இருக்கிறது என்று ஓர் ஆலோசகர் சொன்னதால், ஓவியரைக் கூப்பிட்டு உத்தரத்தில் புறா வரைந்தார்கள். குளிர்சாதனம் வைப்பதற்காகத் தண்ணீர்ப் பக்கம் திறந்திருந்த வளைவுகளை எல்லாம் தகரம் வைத்து அடைத்தார்கள். அடைத்ததும் அலைச்சத்தம் கேட்கவில்லை, உப்பு வாசனையும் வரவில்லை. நீர்முனையில் உப்பு வாசனை இல்லாவிட்டால் எப்படி? ஆகவே மூலைக்கு மூலை ஒலிபெருக்கி வைத்து அலையை ஓடவிட்டார்கள். வாசனைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அது கொஞ்சம் சோப்பு வாசனை அடித்தது, இருந்தாலும் இயந்திரம் வெளியூரில் செய்தது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. பயணிகள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான பெஞ்சுகளுக்கு முன்னால் கயிறு கட்டி, 'பயணிகள் அமர்ந்த இருக்கை, அமரக் கூடாது' என்று எழுதி வைத்தார்கள். சில்லறையின் தலைக்கு மேலே ஒழுகிய இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அது நிதி ஒதுக்கீட்டில் வரவில்லை.

சில்லறைக்கு வேலை போகவில்லை. 'மரபு டிக்கெட்காரர்' என்று பதவி உயர்த்தி, பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஓடாத படகுக்கு டிக்கெட் கொடுப்பதுபோல் உட்கார வேண்டும். பார்வையிட வந்த தலைவரிடம் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், நாங்க யாரும் இந்த மாதிரி கோட்டு போட்டதில்ல. எனக்கு முன்னால இருந்தவரும் சட்டைதான். அவருக்கு முன்னால இருந்தவர் பனியன்."

தலைவர் அவர் தோளில் கையை வைத்தார். பெரிய உருவம், பெரிய குரல். சாதாரணமாகப் பேசினாலும் எதிரில் ஆயிரம் பேர் இருப்பதாகத்தான் பேசுவார். "நீங்க போட்டுக்கிட்டது நீங்க போட்டுக்கிட்டது. இது வரலாறு போட்டுக்கிட்டது. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

வரலாற்றுக்குக் கைகள் நீளம் போலிருக்கிறது. கோட்டு சில்லறையின் விரல் நுனி வரை வந்தது.

இதெல்லாம் போகட்டும் என்றுதான் அவர் இருந்தார். கோட்டுதானே, போட்டுக்கொள்ளலாம். புறாதானே, வரைந்துவிட்டுப் போகட்டும். அடிமடியில் கை வைத்தது அதற்கடுத்த வாரம்தான். ஒரு மத்தியானம் இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்து எருமையின் நீள அகலத்தை எடுத்தார்கள். பிறகு கூடத்தின் தெருப்பக்க வாசலை அளந்தார்கள். பிறகு மறுபடி எருமையை அளந்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள்.

"எதுக்குங்க அளக்கறீங்க?" என்று சில்லறை கேட்டார்.

"படகைக் கூடத்துக்கு உள்ள கொண்டுவந்து, நடுவுல பீடத்து மேல வைக்கணும். முழுசா நுழையாது. திறப்பு விழா முடிஞ்சதும் ரெண்டா அறுத்துடலாம். உள்ள வெச்சு ஒட்டிட்டா தெரியாது."

படகு நின்றுபோய் மாதக்கணக்காகியும் கேப்டன் ஒரு காலைகூடத் தவறாமல் துறைக்கு வந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தளத்தைக் கழுவிவிட்டுப் போவார். தற்காலிகம் என்று சொன்னதை இந்த ஊரிலேயே நம்பிய ஒரே ஆள் அவர்தான். அந்த எஞ்சின் சத்தம் சூழலுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று ஆணையமும் அதை அனுமதித்திருந்தது. அறுக்கப் போகிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன்னால் விழா ஆலோசனைக் கூட்டம் வந்துவிட்டது. சில்லறையையும் கூப்பிட்டு ஓர் ஓரத்து நாற்காலி கொடுத்தார்கள். விழாவன்று தலைவரும் பிரமுகர்களும் பத்திரிகைக்காரர்களும் படகில் ஏறி நிற்பார்கள், கேப்டன் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கொடுப்பார், சில்லறை மணியை அடிப்பார், படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கிச் சாப்பிடப் போவார்கள். எத்தனை மணி அடிப்பது என்பதில்தான் சிக்கல். ஒன்று போதும் என்றார் ஓர் உறுப்பினர். ஒன்று அபசகுனமாக ஒலிக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் தலைவர் சில்லறையைப் பார்த்தார்.

"அசல் வழக்கம் என்ன?"

"மூணு மணிங்க. மொத மணிக்கு டிக்கெட்டை நிறுத்துவோம். ரெண்டாவதுக்குப் பலகையை எடுப்போம். மூணாவது மணிக்குப் படகு போயிடும்."

"ஆகா" என்றார் தலைவர். "மூணும் வேணும். அப்படியே அசலா இருக்கணும்."

"மூணாவது அடிச்சா படகு போயிடும் சார்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "படகு போயிடும். எப்பேர்ப்பட்ட வரி பாருங்க. ஒரு காலமே அதுல போகுது. எழுதிக்கோங்க."

"வரி இல்ல சார், நெசமாவே போயிடும். கேப்டன் மணிச்சத்தத்துக்குத்தான் ஓட்டுவாங்க."

"இந்த எளிமையைத்தான் நாம பாதுகாக்கணும்" என்று தலைவர் மற்றவர்களிடம் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நினைவு அதிகாரி மட்டும் எழுதுவதை நிறுத்திச் சில்லறையை ஒரு பார்வை பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். அந்த வாரமே கூடத்துச் சுவரில் தங்க எழுத்தில் வந்துவிட்டது: 'மூன்றாவது மணியில் படகு போய்விடும். ஒரு டிக்கெட்காரரின் நினைவு.' வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்கள். அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், கேப்டன் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சில்லறை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அறுப்பது, பீடம், ஒட்டுவது. கேப்டன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, ஓடற படகை எதுக்குங்க அறுக்கறாங்க?"

"வாசல்ல நுழையலையாம்."

"அதுக்குத் தண்ணியிலயே விட்டிருக்கலாமே. அங்க நல்லாத்தானே நுழைஞ்சு நின்னுச்சு?"

கேப்டன் அழுகிற ஆள் இல்லை, அழவும் இல்லை. ஆனால் மடித்த துணியையே எடுத்துப் பிரித்து மறுபடி மடித்ததைப் பார்க்கச் சில்லறைக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் கோட்டைப் போட்டுக்கொண்டு பொம்மைபோல் உட்கார்ந்திருந்ததற்காக அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசித் துணியை மடித்துக்கொண்டே கேப்டன் கேட்டார். "மணி மூணும் அடிக்கச் சொல்லியிருக்காங்களா?"

"ஆமா. நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிட்டேன், காதுலயே வாங்கல."

"சரி" என்றார் கேப்டன். மடித்த துணியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

விழா நாளன்று பிரமுகர்களின் கார்கள் வருவதற்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள். பஸ்கள் நின்றுபோயின. அக்கரையில் ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குத் திரும்ப நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். இக்கரையில் கூடத்தின் தெருப்பக்கம் கல்யாண வீடுபோல் ஜொலித்தது. புதுச் சுண்ணாம்பு, புதுத் தூண்கள், பழைய கட்டடம் என்றால் கடிகாரம் வேண்டும் என்று புதிதாக வைத்த ஒரு பழைய கடிகாரம். உள்ளே ஒலிபெருக்கி அலையை அடித்தது. சோப்பு வாசனை கமகமத்தது.

தலைவர் மேடையேறினார். "இந்தக் கட்டடம் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டமும் கூச்சலும் இதன் குரலைக் கேட்கவிடாமல் செய்தன. அவற்றை அகற்றினோம். இன்று இங்கே முழு அமைதி. மக்கள் இல்லாத இடத்தில்தான் மக்களின் வரலாற்றை நாம் தெளிவாகப் பார்க்க முடியும்." கைதட்டல். "ஒவ்வொரு கல்லையும் நான் அறிவேன். இந்தக் கட்டடத்தின் முகத்தை நாங்கள் மீட்டுவிட்டோம்." பெரும் கைதட்டல்.

பிறகு எல்லோரும் தண்ணீர்ப் பக்க வாசல் வழியாகச் சிவப்பு விரிப்பில் நடந்து படகுக்குப் போனார்கள். விரிப்பின் இரண்டு பக்கமும் ஆளுயரத் துணித் திரை கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. தலைவர், உறுப்பினர்கள், ஆலோசகர், பத்திரிகைக்காரர்கள், கருவியோடு நினைவு அதிகாரி என்று எருமை நிறைந்தது. கேப்டன் தனக்குக் கொடுத்த தொப்பியை எஞ்சின் மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் தடதடத்தது. சூழல் பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள்.

சில்லறை கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் மணியை அடித்தார். படம் எடுத்தார்கள். இரண்டாவது மணி அடித்தார். துறையில் நின்ற பழைய ஆள் ஒருவர், கை பழக்கத்தில் பலகையை இழுத்துவிட்டார். அதையும் படம் எடுத்தார்கள்.

மூன்றாவது மணிக்குக் கை மேலே போய் நின்றுவிட்டது. இதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது. இறங்குவார்கள், சாப்பிடுவார்கள், நாளைக்குக் கோட்டோடு வந்து உட்காரலாம். எருமை பீடத்தின் மேல் ஒட்டுப்போட்டு நிற்கும். கேப்டன் அவரைப் பார்க்கவில்லை. எப்போதும்போலத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறைக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

"என்னப்பா, அடி" என்றார் தலைவர் படகிலிருந்து. "அசலா."

அவர் அடித்தார்.

எருமை கட்டை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டது. கொஞ்ச தூரம் வரை தலைவர் கையசைத்துக்கொண்டுதான் இருந்தார், இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்தார் போல. துறைக்கும் படகுக்கும் நடுவில் நல்ல அகலமாகத் தண்ணீர் வந்த பிறகுதான் "நிறுத்து, நிறுத்து" என்று குரல் எழுந்தது.

"மூணாவது மணி அடிச்சாச்சுங்க" என்றார் கேப்டன், திரும்பிப் பார்க்காமல். "என் மாமியாருக்கே நிறுத்தினதில்ல."

அப்போதுதான் எல்லோரும் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் அதன் முகத்தைத் தண்ணீரைப் பார்த்து வைத்திருந்தார்கள். படகில் வருகிறவர்களுக்காகக் கட்டியது, வேறெப்படி வைப்பார்கள்? அகலமான படிக்கட்டு, அடுத்தடுத்து வளைவுகள், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு நிஜமான பழைய கடிகாரம். அந்த வளைவுகள் எல்லாவற்றிலும் இப்போது நீலத் தகரம். படிக்கட்டின் மேல் உடைத்த காரைக் குவியல், கிழிந்த சிமெண்டுப் பைகள், கூலியாட்களுக்கு வைத்த தகரக் கழிப்பறை வரிசை. எல்லாவற்றுக்கும் நடுவில், துணித் திரைக்குள் ஒரு சந்துபோலச் சிவப்பு விரிப்பு. இத்தனை காலமும் ஆணையம் அந்தக் கட்டடத்தின் முதுகுக்குத்தான் பவுடர் போட்டிருக்கிறது. ஆணையத்தில் ஒருவர்கூட அதுவரை படகில் வந்ததில்லை என்பதால் இது யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் அவசர அவசரமாகப் படம் எடுத்தார்கள்.

மணிச்சத்தம் தண்ணீருக்கு மேலே அக்கரை வரைக்கும் கேட்கும். அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைக் கேட்டதும் யோசிக்கக்கூட இல்லை, கால் பாட்டுக்குத் துறைக்கு நடந்துவிட்டது. எருமை போய்ச் சேர்ந்தபோது அங்கே பழையபடி காலைக் கூட்டம் நின்றது, கூடையும் சண்டையும் உட்பட. பிரமுகர்கள் கால் வலிக்கிறது என்று இறங்கி நின்றார்கள். இறங்கிய இடத்தைக் கூட்டம் நிரப்பிவிட்டது. அவர்கள் திரும்ப ஏறப் பார்த்தபோது ஓர் அம்மாள் கூடையைக் குறுக்கே வைத்தார். "வரிசைல வாங்க. நாங்கல்லாம் மாசக்கணக்கா நிக்கிறோம்."

எருமை அன்று எத்தனை நடை போய்வந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இக்கரையில் வந்து இறங்கியவர்கள் துணித் திரையை ஒதுக்கி, விரிப்பை மிதித்துக் கூடத்துக்குள் நுழைந்து, கயிற்றைத் தாண்டி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பில் புகுந்த மணலைத் தட்டினார்கள். காவலுக்கு நின்றவர்கள் அறிவிப்பைக் காட்டினார்கள். "பயணிகள் உட்கார்ந்த இடம்தானே? நாங்கதாங்க அது" என்று பதில் வந்தது.

தலைவர் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். அக்கரையில் ஏறுகிறவர்களுக்கும் டிக்கெட், இங்கே இறங்கிய பிறகு இந்த ஜன்னலில்தான். சில்லறையின் முன்னால் வந்து நின்றார். தலைவரின் கோட்டு கசங்கியிருந்தது, குரலும் சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது.

"இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய வாசல் இருக்குன்னு ஏன் யாருமே சொல்லல?"

"எல்லாரும் அது வழியாத்தாங்க வந்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் சில்லறை. "சில்லறையா குடுங்க."

மறுநாள் பத்திரிகைகளில் நீலத் தகரமும் வந்தது, எருமையின் நடுவில் கையசைக்கும் தலைவரும் வந்தார். முதல் படத்துக்குப் பதில் சொல்ல முடியாத ஆணையம் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. படகுப் போக்குவரத்தை மீட்டுத் தந்த தலைவர் என்று மத்தியானத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. தானே மீட்டதைத் தானே அறுக்க முடியுமா? பீடத்தின் மேல் ஒரு பூத்தொட்டியை வைத்தார்கள். தகரத்தைப் பிரித்த அன்றே புறாக்கள் திரும்பி வந்து, வரைந்த புறாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. கோட்டு மட்டும் தொடர்ந்தது. ஒழுகுவதும் தொடர்ந்ததால், மழைநாளில் அது உதவியாகவே இருந்தது.

சில நாள் கழித்து, காலைக் கூட்டம் நெருக்கியடித்த வேளையில், நினைவு அதிகாரி ஜன்னலில் தலையை நீட்டினார். பின்னால் இருந்தவர்கள் வரிசை, வரிசை என்று கத்தினார்கள்.

"அண்ணே, அன்னிக்கு நடந்ததை ஒரு நினைவா சொல்லுங்களேன். பதிவு பண்ணிக்கறேன்."

"அது எப்படிம்மா முடியும்?" என்றார் சில்லறை. "இன்னும் ஓடிக்கிட்டு இருக்கே. அக்கரைக்குன்னா டிக்கெட் வாங்கிக்க, மொத மணி அடிக்கப் போறேன்."

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு சில்லறையைத் தேடி எடுத்து நீட்டினார்.